வட்டருசிகை

…இல்லை, ட் இல்லை, த் தான், சந்தேகமே இல்லை, அவளுடைய நாக்கு மேலே வளையவில்லை, முன்பல்லின் பின்புறத்தில் மெத்தென்று ஒட்டிவிட்டு இறங்கிவிட்டது, வத்ருஷ்கா, வத், வத்… இன்னும் ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டால் என்ன நினைப்பாள், மாவும் கையுமாக நிற்கிற மனுசியிடம் ஒரே சொல்லை மூன்றாந்தரமும் சொல்லச் சொல்கிறவனை எந்த நாட்டிலும் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள், இருந்தாலும் ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார், ஹலீனாவும் சிரித்துக்கொண்டே சொன்னாள், வத்ருஷ்கா, மேசையில் மாத்தூளுக்கு நடுவே மல்லாந்து கிடந்த அவருடைய கைபேசி அதையும் விழுங்கிக்கொண்டது, அதன் நெற்றியில் பதிவு ஓடுகிற சிவப்புப் புள்ளி. சொல் எங்கேயிருந்து வந்ததாம் என்ற கேள்விக்கும் அவள் ஏற்கனவே பதில் சொல்லியாயிற்று, வத்ரா என்றால் அவர்களுடைய ஊரில் அடுப்பு நெருப்பு, நெருப்படியில் பிறந்தது வத்ருஷ்கா, அம்மா அப்படித்தான் சொல்லுவா என்றாள், அம்மா இப்போது இல்லை, கார்கிவ் நகரத்தில் அந்த வீடும் இல்லை என்று சேர்த்துக்கொண்டபோது குரலில் ஒன்றும் நடக்கவில்லை, சீனி முடிந்துபோயிற்று என்பதைப்போலச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மூடியிருந்த துவாயைத் தொட்டுப் பார்த்தாள். இருவரும் பேசிக்கொண்டது ஜேர்மன், அதாவது டெர், டி, டாஸ் என்ற பாற்சொற்கள் மூன்றையும் தத்தமது மனம்போல எல்லாப் பொருளுக்கும் பகிர்ந்து கொடுத்த ஒரு ஜேர்மன், ஒருவரின் பிழை மற்றவருக்குத் தெரியாதபடியால் அது வெகு சரளமாக ஓடியது. அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, எழும்பிப் போகலாம், பின்னேரம் கோவில் சபைக் கூட்டம், அங்கே கைபேசியை மேசையில் வைத்து ஒருதரம் அமத்தினால் போதும், வத்… அவ்வளவுதான், தம்பித்துரை அண்ணையின் கோபுரம் முழுக்க அந்த ஒற்றை ட்-இன் தலையில்தான் நிற்கிறது.

தம்பித்துரை அண்ணை என்றால் நியூரன்பேர்க் தமிழர்களுக்கு வேறு அறிமுகம் வேண்டாம், டயர்க் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையார் கோவிலின் சபைத் தலைவர், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பட்டத்தின்படி சொல்லாய்வாளர். ஹாலே நகரத்தில் ஓர் ஆவணக்காப்பகத்தில் இருக்கிற முந்நூறு வருசத்துத் தமிழ் ஏடுகளை ஒரு மத்தியானம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர், அன்று தொடக்கம் எந்தப் பேச்சையும், பிறந்தநாள் வாழ்த்தாக இருந்தாலும், 'ஹாலேயிலை நான் கண்டளவிலை' என்றுதான் தொடங்குவார். கார்ட்டோஃபெல் என்று ஜேர்மன்காரன் உருளைக்கிழங்கைச் சொல்கிறானே, அது கரட்டுத்தோல், பான்ஹோஃப் என்று ரயில் நிலையத்தைச் சொல்கிறானே, அது பயண ஓய்வு, இதைக் கேட்டுவிட்டு எர்லாங்கனில் இருக்கிற இந்தியாக்கார இஞ்சினியர்ப் பொடியன் ஒருவன் 'செம்ம ரிசர்ச் சார்' என்று வாட்சப்பில் எழுத, அண்ணை அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை. கடைசியாக அவர் கண்டுபிடித்ததுதான் ஹலீனா சுடுகிற இந்தப் பணிஸ், இந்த வத்ருஷ்கா. நடுவிலே கட்டித்தயிர் வைத்த, ரஷ்யாக்காரரும் உக்ரேன்காரரும் சுடுகிற ஒரு வட்டப் பணிஸ், கடைக்கண்ணாடியில் ஜேர்மன் எழுத்தில் அதன் பெயரைக் கண்டிருக்கிறார், யாழ்ப்பாணத்துக் காது ஜேர்மன்காரனின் ற்றீ எழுத்தை ட் என்றுதானே வாங்கும், வட்ருஷ்கா என்று வாசித்திருக்கிறார், வாசித்த இடத்திலேயே உடம்பு புல்லரித்திருக்கும், வட்டம், உருசி, வட்டருசிகை, தமிழன் கப்பலேறிப் போய்க் கருங்கடற்கரையில் கொடுத்துவிட்டு வந்த பணியாரம். இன்றைக்குச் சபைக் கூட்டத்தில் அதைக் கட்டுரையாக வாசிக்கிறார். ஸ்ரீயோ டிராம் ஓட்டுகிறவர், ஆனால் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 'ஊசி' என்ற கடைசிப் பக்கம் அவருடையது, ஊரில் எவருக்கு எங்கே காற்று அடைத்திருக்கிறது என்று அவருக்கு மணக்கும், சபைச் செயலாளர் கிருபன் காலமையே செய்தி அனுப்பிவிட்டான், 'அண்ணை, ஊசி தீட்டியாச்சோ?', ஸ்ரீயும் 'இண்டைக்குத் தலைவருக்குக் காத்துப் போகும்' என்று பதில் போட்டிருந்தார், மனைவி மங்கையற்கரசி மாத்திரம், கோப்பை கழுவிக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாளிலை இண்டைக்குக் கை வைக்காதேங்கோ."

"ஏன், அண்ணை என்ன கோவில் மணியோ, கை வைச்சால் சத்தம் வாறதுக்கு."

"உங்களோடை கதைக்க ஏலாது" என்று அவள் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள், அப்போது அதை யோசிக்கவில்லை, இப்போது ஹலீனாவின் இந்தக் குசினியில் உட்கார்ந்து யோசித்தால்… ஏன் அப்படிச் சொன்னாள்? ஹலீனாவைத் தெரிந்தவளே அவள்தான், இருவரும் ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, ஊரிலே புவியியல் படிப்பித்த ஹலீனா இங்கே கரட்டுத்தோல் சீவுகிறாள்… சே, அண்ணையின் சொல் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எழும்பத்தான் நினைத்தார். ஆனால் அந்த நேரம் ஹலீனா துவாயை எடுத்துவிட்டாள், கிண்ணத்துக்குள் இருந்தது கிண்ணத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெள்ளையும் இல்லை மஞ்சளும் இல்லை, குழந்தையின் கன்னத்துக்கு இருக்கிற ஒரு நிறம், வழுவழுவென்று, விளிம்பைத் தாண்டி மேலே குவிந்து, மாலை விழக் காத்திருக்கிற தலைவரின் வயிற்றைப்போல. ஸ்ரீக்கு ஒரு சந்தோசம், ஊதிப்போன எதைக் கண்டாலும் வருகிற சந்தோசம், இப்போது குத்துவாள், இப்போது புஸ்ஸென்று… அவள் கையை முட்டியாக மடக்கி நடுவிலே அமத்தினாள், மா பெருமூச்சு விட்டது, உண்மையாகவே விட்டது, காதால் கேட்டார், நித்திரையில் புரண்டு படுக்கிற ஆளைப்போல ஒரு மூச்சு, அடங்கியது, ஆனால் சாகவில்லை, அவள் உருட்டிப் பிரித்துத் தட்டில் வரிசையாக வைத்துத் திரும்பவும் துவாயால் மூட, துவாய்க்குள்ளே அது ஒருவரும் பார்க்காத நேரமாகத் திரும்ப எழும்பத் தொடங்கிவிட்டது, மெல்ல, ஒரு கோபமும் இல்லாமல். ஊசி குத்தின ஆள் ஒருத்தரும் இப்படித் திரும்ப எழும்பியதாக ஸ்ரீக்கு ஞாபகம் இல்லை, குத்தினபிறகு நின்று பார்த்ததும் இல்லை, அடுத்த மாதம் அடுத்த ஆள்… ஏன் துவாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கால் மரத்துவிட்டது, நகரத்தின் ஓரத்தில் லாங்வாசரின் பத்து மாடிக் கட்டடங்களில் ஒன்றிலே, கள்ளன்போல ஒரு த் திருட வந்தவன், ஈஸ்ட் மணத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போ, எழும்பிப் போ. போகவில்லை.

இனி அழுத்த வேண்டும் என்றாள் ஹலீனா. எதாலே அழுத்துவாள், ஊரிலிருந்து உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த தாயாரின் கண்ணாடிக் குவளையாலே, ஸ்ரீயின் மனம் அதற்குள் ஒரு கண்ணீர்க் கட்டுரையே எழுதிவிட்டது, கேட்டும்விட்டார், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அலுமாரியைத் திறந்து எடுத்தது நியூரன்பேர்க் கிறிஸ்மஸ் சந்தையில் சூடான வைன் விற்கிற கோப்பை, திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாளாம், அடி நல்ல பாரம். அந்தக் கோப்பையின் அடியை மாவில் தோய்த்து, ஊதியிருந்த உருண்டையின் நெஞ்சில் வைத்து, உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கி ஒரு அழுத்து, அவ்வளவுதான், நடு பள்ளமாகிவிட்டது, ஆனால் பள்ளத்தைச் சுற்றி மா எழும்பி நின்றது, காற்று எங்கேயும் போகவில்லை, விளிம்புக்குப் போய்விட்டது. குனிந்து பார்த்தார், பள்ளத்தின் தரையில் கோப்பை செய்த கொம்பனியின் முத்திரை கண்ணாடியில் தெரிகிற எழுத்தைப்போல இடவலம் மாறிப் பதிந்திருந்தது, ஒவ்வொன்றிலும், அதன்மேல் அவள் கட்டித்தயிரை நிரப்பினாள், இங்கே குவார்க் என்று டப்பாவில் வருகிற அதே சாமான், முத்திரை மறைந்துபோயிற்று. குவார்க் ஏன் இவ்வளவு மஞ்சள், முட்டை போட்டீரோ என்று கேட்டார். ஐயோ, முட்டை இல்லை, கோவிலுக்கு எப்படி முட்டை போடுவது என்றாள், முட்டைக்குப் பதிலாக இறுகுவதற்கு ரவை, மேலே பூச முட்டைக்குப் பதிலாகப் பாலும் சீனியும், நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள், மங்கைதான் சொல்லித் தந்தாள், முதலிரண்டு தரமும் குவார்க் கஞ்சியாக ஓடிவிட்டது, மூன்றாந்தரம் மங்கை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மங்கை? கோவில்? எந்தக் கோவிலுக்கு? உங்கள் கோவிலுக்குத்தான் ஹெர் விஜயரத்தினம் என்றாள், ஸ்ரீயைக் கடதாசியில் இருக்கிற பெயரால் கூப்பிட்டு, தேர்த்திருவிழாவுக்கு, எனக்கு ஒரு கடை கிடைக்கப் போகிறது, உங்களுக்குத் தெரியாதா, நீங்கள் பத்திரிகைக்காரர் அல்லவா?

தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. வீட்டிலேயே மஞ்சளும் ரவையும் கலந்து ருசி பார்த்திருக்கிறார்கள், அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஊசியிலே வரும்… அது சரிதானே, வந்திருக்கும்தானே, தலைப்புக்கூட இப்போதே தெரிகிறது. போன வருசத் திருவிழாவில் பொடியள் பீட்சாக் கடை போட்டபோது எவ்வளவு சண்டை, அதன்பிறகு சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, தேர் வீதியில் தமிழ் உணவுக்கு மாத்திரமே கடை, தீர்மானத்தைக் கொண்டுவந்தது வேறு ஆர், தம்பித்துரை அண்ணைதான், ஹாலேயில் அவர் கண்டளவில் தமிழர் பீட்சா சாப்பிட்டதற்கு ஆதாரம் இல்லை. சொந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்க அவருடைய கௌரவம் விடாது. ஆனால் ஒரு பணிஸைத் தமிழாக்குவது… அட மனுசா. பெருமை இல்லை, இது பெருமையே இல்லை, விசா. பணிஸுக்கு விசா எடுக்கிறார் அண்ணை. அன்றைக்கு ஸ்ரீயின் அகதி விண்ணப்ப விசாரணையில் அதிகாரிக்கும் பொடியளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர் இதே மனுசன்தானே, 'பயத்திலை வந்தன்' என்று ஸ்ரீ இரண்டு சொல் சொல்ல, அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நீண்ட ஜேர்மன் வாக்கியத்தைத் தொடங்கினார், அது வளைந்து நெளிந்து கடைசியில் வினைச்சொல்லைப் போய்ச் சேர்வதற்குள் அதிகாரியின் கண் கலங்கிவிட்டது, எனக்கு என்ன நடந்ததாக அவர் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை, ஆனால் உள்ளே விட்டார்கள். அன்றுதான் அந்தப் பெயர்ப் பிழையும், குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்க, குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்களிடம் எங்கே இருக்கிறது, அண்ணை சற்று யோசித்துவிட்டு இவர் பக்கம் திரும்பி, 'தம்பி, அப்பாவின்ரை பேர் என்ன?' என்றார், விஜயரத்தினம் என்றார் ஸ்ரீ, அதோடு சரி, இந்த நாட்டுக்கு அவர் ஹெர் விஜயரத்தினம், ஆஸ்பத்திரியில், வரிக் கந்தோரில், டிராம் டிப்போவில், எங்கேயும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், இவர் எழும்பிப் போகிறார்.

ஆனால் ஏன்? ஒரு உக்ரேன் மனுசிக்காக அண்ணை ஏன் இந்தப் பாடு படவேண்டும்? கேட்காமலே ஹலீனா சொன்னாள், தட்டைப் போறணைக்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்துகொண்டு. சொல் ஹெர் தம்பித்துரையினுடையது இல்லையாம், ஃப்ரௌ தம்பித்துரையினுடையதாம், அண்ணையின் மனைவியினுடையதாம். பாலாம்பிகை அக்கா இருப்பது அதே முதியோர் இல்லத்தில்தான், அது ஊருக்கே தெரியும், நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, முதலில் ஜேர்மன் போய், பிறகு ஆட்கள் போய், இப்போது தமிழும் ஒவ்வொரு சொல்லாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. ஒருநாள் ஹலீனா தன் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன பணிஸில் நடுவை மட்டும் கரண்டியில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அக்கா அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, தட்டைக் காட்டிச் சொன்னாவாம், ஹலீனா அதை அப்படியே சொல்லிக் காட்டினாள், "வட்டம்… ருசி." ட். சுத்தமான ட். நாக்கு மடிந்து அண்ணத்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுகிற, பிறநாட்டு நாக்குக்கு ஏலவே ஏலாத யாழ்ப்பாணத்து ட், அதை இவள் எங்கே பழகினாள், அக்காவின் கட்டிலருகே இருந்து பழகினாள், சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகிற ஒரு வாயின் வாசலில் நின்று கடைசியாக வந்த இரண்டையும் கையில் ஏந்தியிருக்கிறாள். அப்போது ஹெர் தம்பித்துரையும் பக்கத்தில் நின்றார் என்றாள், அவர் வெளியே போய்க் கொரிடோரில் நின்றார், அடுத்த நாள் வந்து இது பழைய தமிழ்ச் சொல் என்றார்.

போறணைக் கண்ணாடிக்குள் வெளிச்சம். ஸ்ரீயும் குனிந்துவிட்டார், முழங்கால் நொந்தது, பரவாயில்லை. விளிம்புகள் எழும்பிக்கொண்டிருந்தன, நடுவிலே மஞ்சள் குவார்க் மெல்ல நடுங்கியது, நடுங்கி, பிறகு உறைந்து, பிறகு அதன் முகத்தில் அங்கொன்று இங்கொன்றாகச் செம்மை படரத் தொடங்கியது, மழைக்கு முதல்நாள் சந்திரனைச் சுற்றி ஊர்கோள் கட்டும்போது பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றுமே, அப்படி, தட்டு நிறையச் சந்திரன்கள், ஒவ்வொன்றும் தன் கோட்டையைத் தானே கட்டிக்கொண்டு. மணம் வந்தது. எப்படிச் சொல்வது, இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே ஒரு மணம், ஒருவரும் கோபித்துக்கொள்ளாத வீட்டின் மணம்… இப்படி ஒருவன் எழுதி அனுப்பினால் ஊசியால் கிழிப்பேன், கட்டாயம் கிழிப்பேன், ஆனால் வேறு எப்படிச் சொல்வது. ஹலீனா வெளியே எடுத்தாள், ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள், சுட்டது, கை மாற்றிக் கை மாற்றி ஊதிக் கடித்தார், ஓரம் மெத்தென்று, பாணைவிட மெத்தென்று, பிறகு நடு, சூடான புளித்த பால், அண்ணம் வெந்தது, கண் நிறைந்தது, சூட்டினால்தான், வேறு ஒன்றுமில்லை. இதை வைத்துக்கொண்டா அண்ணைக்குக் காற்று இறக்க வந்தேன். ஒரு த், ஒரேயொரு த், அதைக் கூட்டத்தில் போட்டால் கிருபன் மேசையில் தட்டிச் சிரிப்பான், கட்டுரை விழும், கட்டுரை விழுந்தால் தீர்மானம் நிற்கும், தீர்மானம் நின்றால் இந்த மனுசிக்குக் கடை இல்லை, வாசலில் மணி அடித்தது.

அண்ணைதான். கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் சுருட்டிய கட்டுரை, கூட்டத்தில் எல்லாருக்கும் சாப்பிடக் கொடுப்பதற்குத் தட்டை எடுத்துப்போக வந்திருக்கிறார். குசினி வாசலில் ஸ்ரீயைக் கண்டதும் அப்படியே நின்றார், மாத்தூளுக்கு நடுவே கிடந்த கைபேசியைப் பார்த்தார், சிவப்புப் புள்ளியைப் பார்த்தார், நீண்ட காலம் மொழிபெயர்த்த மனுசனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஓ, நீரும் வந்திட்டீரோ."

"மணம் இழுத்துக்கொண்டு வந்திட்டுது அண்ணை."

"உமக்கு எப்பவும் நல்ல மூக்கு" என்றார் அண்ணை, ஆனால் அதில் வழமையான உறுமல் இல்லை, கட்டுரையைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டார், மழையில் நனையாமல் பாதுகாக்கிறவரைப்போல.

ஹலீனாவுக்கு இவர்களுடைய தமிழ் விளங்கவில்லை, ஆனால் இரண்டு பேரை ஒன்றாகக் கண்ட சந்தோசம், கையைத் துடைத்துவிட்டு, ஹெர் தம்பித்துரையிடம் பழகியதைச் சொல்லிக் காட்டட்டுமா என்று கேட்டு, கடைக்கு முன்னால் நிற்கிறவளைப்போல நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னாள். "வாங்கோ. வட்டருசிகை. சாப்பிடுங்கோ." சொல்லி முடித்துவிட்டுப் படிப்பித்த பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்க்கிற டீச்சரின் முகத்தோடு ஸ்ரீயைப் பார்த்தாள், பிறகு ஜேர்மனில் கேட்டாள், நீங்கள் எழுதுகிறவர் ஹெர் விஜயரத்தினம், உங்களுக்குத் தெரிந்திருக்கும், இது உண்மையாகவே உங்கள் சொல்தானா, அம்மா வத்ரா என்று சொன்னது பிழையாக இருக்கலாம், அம்மா அதிகம் படிக்கவில்லை.

அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரீயின் வாய் நிறையச் சூடான குவார்க், அது ஒரு நல்ல சாட்டு, மெல்லலாம், இன்னும் கொஞ்சம் மெல்லலாம், முட்டையை விட்டாள், நிறத்தை விட்டாள், இப்போது அம்மாவையும் விடத் தயாராக நிற்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு… இல்லை என்று சொன்னால் அம்மாவுக்கு நெருப்பு திரும்பக் கிடைக்கும், கடை போய்விடும். ஓம் என்றால்? விழுங்கினார், நெஞ்சுவரை சுட்டுக்கொண்டு போயிற்று.

"ஓம்" என்றார், தமிழில். அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணையின் காரில் ஸ்ரீயின் மடியில் துவாய் சுற்றிய தட்டு, பின்னேர வெயிலில் லாங்வாசரின் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, கிருபனின் செய்தி கைபேசியில் வந்து விழுந்தது, 'அண்ணை எங்கை நிக்கிறியள், சனம் பாத்துக்கொண்டிருக்கு', சிவப்பு விளக்கில் கார் நிற்க, அண்ணை முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நீர் ஓம் எண்டது எனக்கோ, அவவுக்கோ?"

நல்ல கேள்வி, பாலாம்பிகை அக்காவுக்கு என்று சொல்லலாம், சொன்னால் மனுசன் காரை ஓரம்கட்ட வேண்டிவரும், "விளக்கு மாறீட்டுது அண்ணை, போங்கோ" என்றார், போனார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தால் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த மறந்துபோயிற்று, மா விட்ட பெருமூச்சிலிருந்து சிவப்பு விளக்குவரை எல்லாம் உள்ளே, அவளுடைய அம்மாவின் வத்ராவும் அதற்குள்தான், அக்காவின் வட்டமும் அதற்குள்தான், தன் ஓமும்தான், ஒன்றை விட்டு ஒன்றை அழிக்க ஏலாது… அப்பா ஒருநாளும் இந்த நாட்டில் கால் வைத்ததில்லை, அப்பாவுக்குக் கடவுச்சீட்டே இருந்ததில்லை, ஆனாலும் விஜயரத்தினம், விஜயரத்தினம் என்று எத்தனை வாசல்களில் எத்தனை ஜேர்மன்காரர் அவரை மரியாதையாகக் கூப்பிட்டு உள்ளே விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற இந்த மனுசன் அன்றைக்கு விட்ட ஒரு பிழையால்… ஒரு பிழை அப்பாவை உள்ளே கொண்டுவந்தது, இந்தப் பிழை ஹலீனாவை உள்ளே விடும், சரி, அவளுடைய அம்மாவை? அம்மாவை எந்தப் பக்கம் விடும்? துவாயைத் தாண்டிச் சூடு தொடைக்கு வந்துகொண்டிருந்தது, தட்டைத் தூக்கிப் பிடிக்கலாம், பிடிக்கவில்லை, நாக்கு தன்பாட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது, முன்பல்லுக்குப் பின்னால், மெத்தென்று, வத்ரா.

"என்ன?" என்றார் அண்ணை.

"ஒண்டுமில்லை அண்ணை. சுடுது."